பொன்னுருக்குக்கு வந்த ஆனைக் காசு

ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கேட்டால் தாங்கள் வென்ற கதைகளைத்தான் சொல்வார்கள். என்னிடமும் அப்படிச் சில உண்டு, விருந்துகளில் சொல்வேன். நாணயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் கேட்டது வேறு. காசைக் கொண்டுவந்த ஆள் முன்னால் நிற்கும்போது எவ்வளவு சொல்ல வேண்டும், எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்று முழித்தேன். நன்றாக முழித்த ஒரு தடவையைச் சொல்கிறேன். தேநீர் ஊற்றிக்கொண்டு வாசியுங்கள், நான் சுருக்கமாகச் சொல்கிற ஆள் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் எங்கள் ஏல நிறுவனத்தில் பழங்காசுகளைப் பார்த்து விபரம் எழுதுவது என் வேலை. அங்கே தமிழர் என்றால் நான் ஒருத்திதான். ஆகவே எந்தத் தமிழர் எதைக் கொண்டுவந்தாலும், அது காசோ காப்போ ஓடாத கைக்கடிகாரமோ, வரவேற்பில் இருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு அது சரியான கரைச்சல். பாதிப் பேர் வேலை முடிந்தும் போகமாட்டார்கள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று தொடங்குவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை யோகம் அக்கா வந்தார். ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இருப்பவர். கோயிலில் கண்டால் சிரிக்கிற அளவுக்குத்தான் எங்களுக்குள் பழக்கம். கைப்பையிலிருந்து கறுப்பு நிறப் பிலிம் டப்பா ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, என் உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒரு பொற்காசு விழுந்தது.

"இது சுத்தத் தங்கமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ, தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை என்ரை மகன் கஜனுக்குப் பொன்னுருக்கு. திராமனிலை இருக்கிற பத்தர்தான் வந்து உருக்கப்போறார். அந்த மனுசன் பயப்பிடுறார். குதிரைப் பவுண் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு உருக்குவாராம். இதிலை ஆனை நிக்குது, எனக்குத் தெரியாது, கறுத்துப் போச்செண்டால் சபையிலை என்ரை மானம் போயிடும் எண்டுறார்."

உங்களில் சென்னையிலிருந்து வந்த தம்பிக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் உறவுகள் கூடுவார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு பொற்காசை, பெரும்பாலும் குதிரை பொறித்த ஆங்கிலப் பவுணை, வெற்றிலையில் வைத்துக் கொடுக்க, நகை செய்கிற பத்தர் அதை எல்லோருக்கும் முன்னால் உருக்குவார். அந்தப் பொன்னைச் சேர்த்துத்தான் தாலி செய்வார்கள். குறித்த நேரத்துக்குள் உருக்கி முடிக்க வேண்டும். இடையில் தடைப்பட்டால் பெண் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும்.

நான் காசைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் நீண்ட சுருள் முடியோடு ஓர் அரசனின் தலை. கழுத்துக்குக் கீழே, மூக்குத்தி அளவில், ஒரு யானை. மறுபக்கம் சிலுவை வடிவில் நான்கு கேடயங்கள். எழுத்துகளின் இடுக்கெல்லாம் சிவப்பு. மேல் ஓரத்தில் எப்போதோ வளையம் ஒட்டிக் கழற்றிய வடு. ஓரத்தைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தேன். சுற்றிவர மெல்லிய வரிகள் இருந்தன.

அது முந்நூறு வருடங்களுக்கும் முன், அந்த அரசனின் நாட்டு நாணயசாலை இயந்திரத்துக்கு மாறிய தொடக்க வருடங்களில் அடித்த பொற்காசு. அதற்கு முன் ஒருவர் அச்சைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். காசுகள் கோணலும் மாணலுமாக இருக்கும். ஓரத்தில் அரத்தால் கொஞ்சம் பொன்னை அராவி எடுத்தாலும் எவருக்கும் தெரியாது. ஊரே அராவியது. அதைத் தடுக்கத்தான் குதிரை கட்டி இழுத்த ஆலையும் திருகு அச்சும் வந்தன. வட்டமான காசும், ஓரத்தில் வரியும் வந்தன. வரி அழிந்திருந்தால் களவு பிடிபட்டுவிடும். யானை, ஆபிரிக்காவிலிருந்து அந்தப் பொன்னைக் கொண்டுவந்த கம்பனியின் அடையாளம். அதே கம்பனி மனிதரையும் பிடித்து விற்றது என்பதைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள். யானையைப் பார்த்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் நோர்வேக்காரர், அதிகம் பேசாதவர். காசை அவரிடம் கொண்டுபோனேன். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவேயில்லை. பக்கத்தில் காப்பி ஆறிப்போனது. "இந்தச் சிவப்பு என்ன? மெருகேற்றுகிற பொடியா?" என்று கேட்டார். குங்குமம் என்றேன். இவ்வளவு காலமும் எங்கே இருந்தது என்று கேட்டார். சாமித்தட்டில் இருந்திருக்கும் என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

திரும்பிவந்து யோகம் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வயது, அருமை, உலகத்தில் எத்தனை அரும்பொருட் சாலைகள் இதற்கு ஆசைப்படும், எல்லாம். புத்தகத்தைக் கூடத் திறந்து காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தங்கம்தானே?"

"ஓம் அக்கா. இருபத்திரண்டு கரட். ஆனால்..."

"ஆனால் எல்லாம் வேண்டாம் தங்கச்சி. தங்கம் எண்டு ஒரு கடுதாசியிலை எழுதித் தாங்கோ, பத்தருக்குக் காட்டுறதுக்கு."

"இதை உருக்கக்கூடாது அக்கா. இப்பிடி ஒண்டு திரும்பக் கிடையாது."

அவருக்குக் கோபம் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். "இது ஆர் ஆரிட்டை இருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது. கஜன்ரை அப்பாவுக்கு அவரின்ரை தாய் குடுத்தது. வடக்கை பின்மார்க்கிலை குளிருக்கை நிண்டு மீன் வெட்டேக்கையும் இது அவரின்ரை இடுப்பிலைதான் இருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆனைக்குப் பொட்டு வைச்சுப்போட்டு, இது கஜன்ரை தாலிக்கு எண்டு சொல்லுவார். மனுசன் போய்ச் சேந்திட்டார். ஒரு சொல்லு சொல்லிப்போட்டுப் போனவர். அதை நான் வேறை எதுக்குக் குடுக்கிறது?"

எழுதிக் கொடுத்தேன். தங்கம், இவ்வளவு கரட், அவ்வளவுதான். கேட்டது அதுதானே! முத்திரையும் குத்தினேன்.

அவர் போகும்போது திரும்பி, "ஞாயிறு நீங்களும் வாங்கோ. பத்தர் ஏதும் கேட்டால் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார். கடுதாசி போதாதாம், ஆளும் வேண்டுமாம்!

மறுநாள் மகன் கஜன் தொலைபேசியில் வந்தான். இங்கேயே பிறந்த பிள்ளை, பொறியியலாளர். தாய் சொன்னதைக் கேட்டு, இரவெல்லாம் இணையத்தில் அந்தக் காசைத் தேடியிருக்கிறான்.

"அன்ரி, எனக்கு அதை விக்க வேண்டாம். காசும் வேண்டாம். அப்பான்ரை எண்டு என்னட்டை இருக்கிறது அது ஒண்டுதான். அவர் எடுத்த ஃபோட்டோ எல்லாத்திலையும் நானும் அம்மாவும்தான் நிக்கிறம், அவர் ஒண்டிலையும் இல்லை. இதையும் உருக்கிப்போட்டு நான் எதைப் பாக்கிறது? நான் வேறை பவுண் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன். அம்மா கேக்கிறா இல்லை."

"நீர் அம்மாவோடை கதையும் தம்பி."

"கதைச்சுப் பாத்திட்டன். நீங்கள் ஒண்டு செய்யுங்கோ அன்ரி. இஞ்சை லோவ் இருக்கு, பழைய காசை உருக்கினால் பொலித்தி வரும் எண்டு சொல்லுங்கோ. உங்கடை பேப்பரிலை எழுதிக் குடுத்தால் இன்னும் நல்லது. அம்மா உடனை விட்டிடுவா."

விட்டுவிடுவார் என்பது எனக்கும் தெரியும். வந்த நாள் தொட்டு ஒவ்வொரு அலுவலக வாசலிலும் பயந்து பயந்து நின்ற பெண். சட்டம், பொலிஸ் என்ற இரண்டு சொற்கள் போதும், காசை டப்பாவோடு எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காசு தப்பும். மகனும் சந்தோஷப்படுவான். எனக்கும் அந்தக் காசை உருக விடக்கூடாது என்ற ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. மறைப்பானேன், அந்தப் பொய் வாக்கியத்தைக் கூட மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன்.

தலைவரைக் கூப்பிட்டேன். அவர் மலையில், விடுமுறைக் குடிலில் இருந்தார். விறகு வெட்டுகிற சத்தம் நின்றது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?"

"அவர்களின் சொந்தக் காசு. இல்லை."

"அப்படியானால் எழுத முடியாது. இல்லாததை ஒரு தடவை எழுதினால், நேற்று தங்கம் என்று எழுதிக் கொடுத்தாயே, அதை அந்தப் பெண் எதற்காக நம்ப வேண்டும்?" பிறகு, ஏதோ வானிலை சொல்வதுபோல, "அந்தக் காசுகளில் பெரும்பகுதி உருகித்தான் போனது. நாணயசாலைகளே திருப்பி எடுத்து உருக்கின. நமக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ உருக்க மறந்தவை. நாளைக்கு நீ போ. ஆனால் அலுவலகத்தைக் கூட்டிக்கொண்டு போகாதே" என்றார்.

இளையவர்களே, இந்த ஆளை நான் முப்பது வருடம் திட்டியிருக்கிறேன். அன்றும் திட்டினேன். பிறகு கஜனைக் கூப்பிட்டு, முடியாது என்றேன். "அப்ப நீங்களும் அம்மான்ரை பக்கம்தான்" என்று பட்டென்று வைத்துவிட்டான். யோகம் அக்காவைக் கூப்பிட்டு, "கஜனுக்கு அது தகப்பனின்ரை ஞாபகம் அக்கா, கொஞ்சம் யோசியுங்கோ" என்றேன். "எனக்கு மட்டும் அது ஆரின்ரை ஞாபகமாம்?" என்று கேட்டுவிட்டு அவரும் வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரே மனிதரை இருவரும் பிடித்து வைத்திருக்கப் பார்த்தார்கள். ஒருவருக்கு உருக்காவிட்டால் அவர் போய்விடுவார். மற்றவருக்கு உருக்கினால் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் சோபாக்களைச் சுவரோடு ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். கூரையில் இருந்த புகை மணிக்குக் குளிக்கும்போது தலையில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டியிருந்தார்கள். வேட்டிக்குக் கீழே கம்பளிக் காலுறையோடு ஆண்கள். திராமன் பத்தர் தும்பு விளக்குமாறு மாதிரி மீசையோடு, ஒரு மண்கிண்ணத்தையும் சிறிய காஸ் ஊதுகுழாயையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்மன் பகுதியிலிருந்து மணப்பெண்ணின் தகப்பன் வந்திருந்தார். பஸ் ஓட்டுபவர்; பேச்சு மிகக் குறைவு. பெண் வரக்கூடாது, பொன்னுருக்கினால் கல்யாணம்வரை இருவரும் முகம் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். தகப்பன் இடத்தில் கஜனின் பெரியப்பா உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

யோகம் அக்கா அறைக்குள் வரவில்லை. அடுப்படியில், குசினி வாசலில் நின்றார். கணவரை இழந்தவர் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவரே போய் நின்றுகொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனால் நான் விருந்தாளி.

தட்டத்தில் வெற்றிலைமேல் இரண்டு காசுகள் இருந்தன. ஒன்று யோகம் அக்கா கொடுத்தனுப்பிய ஆனைக் காசு. மற்றது கஜன் வைத்த புதுப் பவுண். பத்தர் இரண்டையும் பார்த்தார்.

"எதை உருக்கிறது?"

கஜன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். குசினி வாசலில் வளையல் இல்லாத ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. பெண்ணின் தகப்பன் தாயைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் போகுது! என்ன பிள்ளை, நீங்கள்தானே கடுதாசி எழுதின ஆள், ஒரு முடிவு சொல்லுங்கோவன்."

"தங்கம் எண்டு எழுதினன். உருக்குங்கோ எண்டும் எழுதேல்லை, உருக்காதேங்கோ எண்டும் எழுதேல்லை" என்றேன்.

"அப்ப இப்பிடிச் செய்வம்," என்றார் பெரியப்பா. "போய்ச் சேந்த என்ரை தம்பியின்ரை காசிலை ஒரு துளி அராவி எடுப்பம். அதை இந்தப் புதுப் பவுணோடை சேத்து உருக்குவம். தாலிக்கை அவனும் இருப்பான், காசும் கஜனிட்டை இருக்கும். சரிதானே?"

அறை முழுக்க மூச்சு விட்டது. கஜன் தலை நிமிர்ந்தான். யோகம் அக்கா மெல்லத் தலையாட்டினார். சந்தோஷப்படாத ஆள் நான் மட்டும்தான். அராவக்கூடாது என்பதற்காகவே ஓர் அரசாங்கம் குதிரை கட்டி, இயந்திரம் செய்து, ஓரத்தில் வரி போட்ட காசு! அந்த அரசனின் நாட்டில் இதற்குத் தூக்கு. மோர்டென்ஸ்ருட்டில் வெற்றிலை வைத்துச் செய்யப்போகிறார்கள்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. வளையம் ஒட்டியிருந்த பழைய வடுவைக் காட்டி, "அந்த இடம் ஏற்கெனவே பழுது. அதிலை எடுங்கோ" என்றேன். பத்தர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அது பொடி வைச்சு ஒட்டின இடம். செம்பும் வெள்ளியும் கிடக்கும். தாலிக்கு ஆகாது. சுத்தமான இடமாய்க் காட்டுங்கோ."

காட்டினேன். அரசனின் பின்தலைக்கு நேரே, வரி தெளிவாக இருந்த ஓரத்தை, நகத்தால் தொட்டுக் காட்டினேன். குசினி வாசலிலிருந்து, "ஆனையிலை படாமல் எடுங்கோ" என்று குரல் வந்தது.

பத்தர் பையைக் கிளறினார். அரம் இருந்தது, காசைப் பிடித்துக்கொள்கிற கவ்வி இல்லை. "உருக்கத்தானே கூப்பிட்டனீங்கள், அராவவோ கூப்பிட்டனீங்கள்?" என்று சிடுசிடுத்தார். "ஆரும் இறுக்கிப் பிடிக்கவேணும். அசைஞ்சால் அரம் உள்ளை போயிடும்." பெரியப்பா கையை நீட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. பத்தர் என்னைப் பார்த்தார். "நீங்கள் பிடியுங்கோ அம்மா. காசு பிடிச்சுப் பழகின கை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"காசு ஆரின்ரை?"

"ஆரின்ரை எண்டால்?" பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பியின்ரை."

"அவர் இல்லை. இப்ப ஆரின்ரை?"

அவர் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கடை வேலையிலை ஒரு முறை இருக்கு, ஐயா. காசிலை ஒரு சின்னக் கீறல் போடுறதெண்டாலும் சொந்தக்காரர்தான் போடவேணும். நாங்கள் தொடமாட்டம். சொந்தக்காரர் பிடிக்கட்டும்."

அதை நான் என் கையைக் காப்பாற்றச் சொன்னேனா, அவரை உள்ளே அழைக்கச் சொன்னேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டுக்கும்தான். அந்த முறை எங்கள் வேலையில் உண்மையாகவே இருக்கிறது. இல்லாததை நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான். என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்போது, பொருள் யாருடையது என்று கேளுங்கள். வாய்விட்டு, சபையில், எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள்.

கஜன் எழுந்து குசினி வாசலுக்குப் போனான்.

"அம்மா, நீங்கள் வந்து பிடியுங்கோ."

"நான் வரக்கூடாது ராசா. நல்ல காரியம்." கை நிலையை விடவில்லை. "பெரியப்பா இருக்கிறார்தானே."

"அம்மா, பிளீஸ்."

அவர் கஜனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலால் பெண்ணின் தகப்பனைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தைச் சுளித்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்ணின் தகப்பன் பாயில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"அக்கா, நேரம் போகுது. வந்து பிடியுங்கோ."

அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

யோகம் அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காசை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். கஜன் கீழே வெற்றிலையை ஏந்தினான். அரம் ஓடியபோது என் பல் கூசியது. வெற்றிலையில் மஞ்சள் தூள் விழுந்தது. யோகம் அக்காவின் கை கடைசிவரை அசையவில்லை, ஆனால் கண்ணீர் தாடையில் சொட்டியது. பத்தர் அரத்தை நிறுத்தி, அவர் விரலில் ஒட்டியிருந்ததையும் வெற்றிலையில் தட்டிவிடச் சொன்னார்.

புதுப் பவுணும் அந்தத் தூளும் கிண்ணத்துக்குள் போயின. சுவாலை நீலமானது, பொன் இளகியது, சுருண்டது, உருண்டையானது. பத்தர் ஆறவைத்து வெற்றிலையில் வைத்தார். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டம் சுற்றி வந்தது. யோகம் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ளை எது அவரின்ரை, எது கடையிலை வாங்கினது எண்டு உங்களாலை சொல்லேலுமோ?"

"ஏலாது அக்கா. என்னாலை எண்டில்லை, ஒருத்தராலும் ஏலாது."

அவர் அந்த உருண்டையை விரலால் ஒரு தடவை தொட்டார்.

"அப்ப நல்லது. இனி ஒருத்தரும் அவரைப் பிரிச்செடுக்கேலாது" என்றுவிட்டு, தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பெண்ணின் தகப்பனிடம் நீட்டினார்.